போர்டம்மாவின் மெசின் கெடவில்லை

சுலோசனா இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஜீப் டிரைவர் பழனிசாமி. குப்பனூரில் என் வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்கு எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. ரைட்டர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிவிட்டது. எஸ்டேட் வண்டி என் வீட்டுக்கு வர எந்தக் காரணமும் இல்லை. பழனிசாமி கீழே இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"ரைட்டருங்க, போர்டம்மா போயிட்டாங்க. விடியக்காலைல மூச்சு வாங்குதுன்னாங்களாம். தங்கச்சி சுடுதண்ணி வெச்சுக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு அதே ஜீப்பில் ஏறினேன். ஏற்காடு போய்ச் சேரும் வரை இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். துக்கம் ஒரு பக்கம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கும் தகுதி இருக்கிறதா என்ற கேள்வி இன்னொரு பக்கம். பழனிசாமிக்கும் அதே கேள்வி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் நாள் எஸ்டேட் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கட்டம் போட்டு, அழகாக டைப் அடித்து. "கணினி யுகத்தை நமது எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடியும் நிர்வாகத்தின் விசுவாசமான ஊழியருமான திருமதி சுலோசனா அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்." அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தங்களிடம் வேலை பார்த்த பெண்ணுக்குத் திருமதியா செல்வியா என்றுகூட அந்த ஆபீசுக்குத் தெரியவில்லை. அது போகட்டும். அந்தக் கணினியின் வயரைப் பிடுங்கியது யார்? அந்த விசுவாசமான ஊழியரை வேலையைவிட்டு அனுப்பியது யார்? அந்தத் தாளைப் பார்த்த நிமிஷத்தில்தான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் பாதிதான் தெரியும்.

அவரை உங்களில் பலர் போர்டம்மா என்றுதான் கூப்பிட்டீர்கள். எழுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், ஏற்காடு ஆபீசில் டெலிபோன் போர்டுக்கு வந்தார். சுவரோரம் நின்ற மரப்பெட்டி அது. எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் ஒரு லைன் அதில் வந்து சேரும். கூப்பிட்டவர் யாரென்று கேட்டு, யாருக்கு வேண்டுமோ அந்த லைனோடு இணைத்துவிடுவது அவர் வேலை. நான் கொட்டச்சேடு டிவிஷனில் ஆட்களுக்குப் பேர் போட்டுக் கணக்கு எழுதும் ரைட்டர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர் என்பதால் அம்மிணி என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் கடைசி வரை 'ரைட்டருங்க'தான்.

ஒரு நாள் மத்தியானம் நான் ஆபீசில் இருக்கும்போது போர்டில் மணி அடித்தது. காப்பிப் பழம் உரிக்கும் பல்ப் ஹவுசின் லைன். இவர் ஹலோ சொன்னார், பதில் இல்லை. லைன் கோளாறாக இருக்கும், விடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கையை உயர்த்திப் பேசாதீர்கள் என்று சைகை காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மூச்சு கேக்குது ரைட்டருங்க. ஆளு இருக்குது. பேச முடியல."

உடனே பக்கத்து டிவிஷனைக் கூப்பிட்டு ஆளை ஓடச் சொன்னார். பல்ப் ஹவுஸ் வாட்ச்மேன் ஒரு பக்கம் கைகால் விழுந்து, ரிசீவரைப் பிடித்தபடி தரையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். "லைன்ல சத்தமில்லைன்னா ஆளில்லைன்னு நெனச்சுக்கப்படாதுங்க" என்று அன்றைக்குச் சொன்னார் சுலோசனா. அதை ஒரு பெரிய விஷயமாக அவர் பிறகு பேசிக் கேட்டதில்லை.

தொண்ணூறுகள் பிறந்ததும் போர்டைக் கழற்றினார்கள். டிவிஷனுக்கு டிவிஷன் நேரடிப் போன் வந்தது. சுலோசனாவைக் கிளார்க் ஆக்கி ஒரு மேசை கொடுத்தார்கள். ஆபீஸ் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டப்படும். அதற்குமேல் எந்த டிவிஷனில் யாருக்கு என்ன ஆனாலும் ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளில்லை. போதாததற்கு ஒரு ஃபேக்ஸ் மெசின் வாங்கி அதே லைனில் மாட்டினார்கள். ஐந்து மணிக்குமேல் கூப்பிடுகிறவர் காதில் அது கிறீச்சென்று கத்தும். கொட்டச்சேட்டில் காப்பிச் செடிக்குக் கிளை கழித்துக் கவாத்து பண்ணும் மாரியப்பன் ஒரு நாள் ஆபீசுக்கே வந்து சொன்னார்.

"ஏனுங்க போர்டம்மா, உங்க போனுக்குள்ள ஏதோ காட்டுப்பூனை பூந்துக்கிச்சாட்ட இருக்குதுங்க. எம் பையனுக்குக் காச்சல்னு சொல்லலாம்னு கூப்பிட்டா சீறுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சுலோசனா சிரிக்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குள் போனார். சாயங்காலத்துக்கு ஓர் ஆள் போடுங்கள், முடியாவிட்டால் நானே இருக்கிறேன் என்று கேட்டார். இரண்டும் ஆகாது என்றார் மேனேஜர். "அப்படீன்னா ஸ்டோர்ல தூசி புடிச்சுக் கெடக்குதே, அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் குடுங்க" என்றார் இவர். டைப் அடித்துப் பழகப் போகிறார் என்று நினைத்து மேனேஜர் தலையாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில், விண்டோசுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் இருந்தது. பழைய மெசினிலும் ஓடும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று பத்திரிகையில் போட்டிருந்ததாம். அந்த இரண்டாவது விஷயம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. இங்கிலீஷில் வந்திருந்த விளக்கக் குறிப்புகளை அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, மதியச் சாப்பாட்டு வேளையில் வரி வரியாகப் படித்தார். எத்தனையோ வருஷம் மற்றவர்களுக்காக இங்கிலீஷ் கடிதம் அடித்தவர் தனக்கென்று படித்த முதல் இங்கிலீஷ் அதுதான் என்று ஒருமுறை சொன்னார்.

கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்க மோடம் என்ற ஒரு பெட்டி வேண்டும். குரலையும் பதிவு செய்கிற மோடமாக இருக்க வேண்டும். சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினார். "மேடம், இது ஃபேக்ஸ் அனுப்பும், இன்டர்நெட் போகும். உங்களுக்குப் பேசவும் வேணுமா?" என்று ஒரு கடைக்காரர் கேலி செய்தாராம். முதலில் வாங்கி வந்தது விண்டோசில் மட்டுமே வேலை செய்கிற ரகம். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடி மலை இறங்கி, சண்டை போட்டு மாற்றி வந்தார். இரண்டாவது பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கின. அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பழைய போர்டிலும் அப்படித்தான் விளக்கு எரியுமாம்.

போனை எடுத்துப் பேசுகிற அந்தப் புரோகிராமுக்கு விகெட்டி என்று பெயர். "பேருலயே கெட்டி இருக்குதுங்க. கெட்டிக்காரிதான், பாருங்க" என்றார். நான்கு மணி அடித்ததும் அது போனை எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஃபேக்ஸ் சத்தம் வந்தால் ஃபேக்ஸாக வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். மனிதக் குரலாக இருந்தால் வணக்கம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் அது ஃபேக்ஸ் என்றே நினைத்துக் கத்தியது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம். போனை வைத்த பிறகும் டொய்ங் டொய்ங் என்று எக்ஸ்சேஞ்ச் சத்தத்தையே நிமிஷக் கணக்கில் பதிவு செய்துகொண்டிருந்தது. அதற்கு இன்னொரு வாரம்.

இதையெல்லாம் சோதிக்கக் கூப்பிடுகிற ஆள் நான்தான். கொட்டச்சேட்டிலிருந்து கூப்பிடுவேன். மெசின் வணக்கம் சொல்லி, பீப் என்று அடிக்கும். என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பேன். டக்கென்று கட்டாகிவிடும்.

"என்னுங்க அம்மிணி, பேசறதுக்குள்ள மூஞ்சில அடிச்சாப்பல வெச்சிருது?"

"அஞ்சு செகண்டு சத்தமில்லைன்னா ஆளு போயிருச்சுன்னு நெனச்சுக்குதுங்க. வெள்ளக்காரங்க எழுதுனதுல்ல, அவுங்க எடுத்த ஒடனே பேசிருவாங்களாட்ட இருக்குது. நம்ம சனம் மொதல்ல நின்னு யோசிக்கும், அப்பறம் எச்சி முழுங்கும், அப்பறந்தான் பேசும். அதுவரைக்கும் இது காத்திருக்கோணும்."

அதைக் காத்திருக்க வைத்தார். ஒரு நிமிஷம் சத்தமே இல்லாவிட்டாலும் அந்த மெசின் போனை வைக்காது.

வணக்கத்தை யார் குரலில் பதிவு செய்வது என்று ஒரு தகராறு வந்தது. இங்கிலீஷில், தன் வீட்டில் யாரையாவது பேச வைக்கலாம் என்றார் மேனேஜர். சுலோசனா தன் குரலிலேயே பதிவு செய்துவிட்டுத்தான் அதைப் பற்றி அவரிடம் பேசினார். இன்னும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "வணக்கமுங்க. ஆபீசு பூட்டியாச்சுங்க. ஆனா நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். பீப்புனு சத்தம் வந்ததுக்கு அப்பறம் சொல்லுங்க. பதறாம, ஊரு பேரு சொல்லிப் பேசுங்க."

ஒரு ஏற்பாடு மட்டும் அவருக்குப் பிடிக்காமல் செய்ய நேர்ந்தது. பதிவானதை உடனே யாராவது கேட்டால்தானே பயன்? யாராவது பேசிவிட்டுப் போனதும் மெசினே தன் வீட்டுக்கு மணி அடிக்கும்படி செய்யலாம், வீட்டுக்கு ஒரு போன் கொடுங்கள் என்று கேட்டார். கிளார்க் வீட்டுக்குப் போனா என்றார் மேனேஜர். "ஜீப் சாவி என்கிட்ட இருக்கு. நான்தான் கேட்கணும். என் பங்களாவுக்கு அடிக்கச் சொல்லுங்க." அப்படியே ஆயிற்று. மெசின் பங்களாவுக்கு மணி அடிக்கும். மேனேஜர் திருப்பிக் கூப்பிட்டு, அவருக்கு மட்டும் தெரிந்த நான்கு எண்ணை அழுத்தினால், பதிவானது அவர் காதில் ஒலிக்கும்.

ஏழெட்டு மாதம் நன்றாகவே நடந்தது. பாம்பு கடித்த ஒரு பெண்ணுக்கு ஜீப் போயிற்று. மரம் விழுந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரை உடைந்தபோது அன்றைக்கே ஆள் போனார்கள். ஃபேக்ஸெல்லாம் எழுத்து மங்காமல் காலையில் அச்சாகி மேசையில் இருக்கும். தலைமை ஆபீசிலிருந்து வந்தவர்கள் பார்த்து மேனேஜரின் கையைக் குலுக்கிப் பாராட்டினார்கள். சுலோசனா அந்த அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் செய்தார் என்று மேனேஜர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை பஸ்ஸில் நான் கொட்டச்சேட்டில் இறங்கினேன். லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தரும் வேலைக்குக் கிளம்பவில்லை. மாரியப்பன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் அவர் மனைவி பொன்னியைக் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் மத்தியானம் குழந்தை பிறந்திருக்கிறது. பெண் குழந்தை. சாயங்காலம் பொன்னிக்கு உதிரம் நிற்காமல் போயிற்று. டிவிஷன் ஆபீஸ் வாசலில், யார் வேண்டுமானாலும் பேசட்டும் என்று சுலோசனா சொல்லி வைத்த போனில் மாரியப்பன் கூப்பிட்டிருக்கிறார். கடைசி பஸ் அதற்குள் போய்விட்டது. ஜீப் வரும் என்று ஒரு மணி நேரம் பார்த்தார்கள். பிறகு வேட்டியில் தூளி கட்டி மழையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழிகூடத் தாண்டவில்லை, தூளியிலேயே உயிர் போய்விட்டது.

அன்றைக்குப் பத்து மணிக்கு ஐம்பது பேர் ஏற்காடு ஆபீசுக்கு முன்னால் நின்றோம். மேனேஜர் வெளியே வந்து சொன்னார். "எனக்குப் போனே வரல. கம்ப்யூட்டர் கோளாறு. மெசினை நம்பினா இப்படித்தான் ஆகும்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் சுலோசனாவைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பது பேரும் பார்த்தார்கள். மாரியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"நீங்கதானுங்க போர்டம்மா பேசுனீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்னு சொன்னீங்க. அதை நம்பித்தானுங்க அத்தன நேரம் ஊட்டுலயே ஒக்காந்திருந்தேன். இல்லீன்னா அப்பவே தூக்கிக்கிட்டு நடந்திருப்பனுங்க."

 சுலோசனா பதில் சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. அவர் குரல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார். அந்த மெசின் தான் செய்கிற ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கும். திரையில் விரலை வைத்து வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினார். ஆறு நாற்பதுக்கு அழைப்பு. நான்கு நிமிஷப் பதிவு. உடனே பங்களாவுக்கு மணி. ஏழு மணிக்குப் பங்களாவிலிருந்து திருப்பி அழைப்பு. நான்கு எண் சரியாக அழுத்தப்பட்டது. பதிவு முழுக்க ஒலித்து முடிந்தது. போன் வைக்கப்பட்டது.

"பாத்துக்கிட்டீங்களா ரைட்டருங்க? மெசினு கெடல. கேட்டிருக்குது. அதுகிட்ட இருந்து அவரும் கேட்டிருக்கறாரு."

பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பதிவைப் போட்டுக் கேட்டோம். மாரியப்பன் ஊர் பேர் சொல்கிறார், பொன்னி பேர் சொல்கிறார், ரத்தம் நிக்கலீங்க என்கிறார். பிறகு நீண்ட நேரம் சத்தமில்லை. மழையும், தூரத்தில் ஒரு பச்சைக்குழந்தை அழுவதும் மட்டும் கேட்கின்றன. என்ன சொல்வதென்று தெரியாமல் அந்த மனிதர் நிற்கிறார், மெசின் அவருக்காகக் காத்திருக்கிறது. கடைசியில், "ஜீப்பு அனுப்புங்க போர்டம்மா" என்கிறார்.

மத்தியானம் மேனேஜர் சுலோசனாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். மாட்டேன் என்றார். மெசின் ஆபீசுடையது என்றார் மேனேஜர். "மெசினு ஆபீசோடதுங்க. கொரலு மாரியப்பனோடது" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு முன்பே பதிவையும் அந்த நேரக் கோப்பையும் ஒரு ஃபிளாப்பியில் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். மேனேஜர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுலோசனா நடந்ததை முழுக்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் இருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாமே, உங்களைத் தவிரப் பார்த்தவர் உண்டா என்று கேட்டார் வந்தவர். "ரைட்டர் பாத்தாருங்க" என்றார் சுலோசனா.

இப்போது எழுதப்போகும் வரியை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. "எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதுங்க" என்று சொன்னேன். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். காரணத்துக்குப் பஞ்சமில்லை.

வெளியே வந்ததும் படிக்கட்டில் என்னிடம் சொன்னார். "நீங்க சொன்னது பொய்யின்னு சொல்லமாட்டேனுங்க. கம்ப்யூட்டரு உங்களுக்குத் தெரியாதுதான். ஆனா ஆறு நாப்பது, ஏழு மணீன்னு படிக்கத் தெரியும்ல?" அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

தொழில்நுட்பக் கோளாறு என்று அறிக்கை எழுதப்பட்டது. மெசினைக் கழற்றினார்கள். அதைக் கவனிக்க வைத்திருந்த கிளார்க்கும் இனித் தேவையில்லை என்று சொல்லி அந்த மாதமே அவரை அனுப்பினார்கள். மேனேஜர் இதைவிடப் பெரிய எஸ்டேட் ஒன்றுக்குப் போனார். உங்களில் சிலர் அவருக்கு மாலை போட்டீர்கள். அந்த வரிசையில் நானும் நின்றேன்.

சுலோசனா போனார், மாரியப்பனிடம். தன் குரலை நம்பி உட்கார்ந்திருந்தவரிடம் போய், கேஸ் போடுங்கள், நான் சாட்சி என்றார். சேலத்தில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் வழக்கு நடந்தது. மூச்சிரைப்பு நோயோடு பஸ்ஸில் ஏறி இறங்கி, கைப்பையில் அந்த ஃபிளாப்பியோடு, வாய்தாவுக்கு வாய்தா போனார். இதைப் போட்டுக் கேட்க இங்கே வசதியில்லையே என்றார்கள். ஒரு கடையில் கெஞ்சிக் கேசட்டில் ஏற்றிக்கொண்டு போனார். கேசட் உங்கள் வீட்டில் தயாரித்தது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். இரண்டு வருஷம் போனார். நான் ஒரு நாள்கூட அவரோடு போகவில்லை. ஒருமுறை குப்பனூர் பஸ்ஸில் எதிரெதிரே பார்த்துக்கொண்டோம். "நல்லா இருக்கறீங்களா ரைட்டருங்க?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

தகனம் முடிந்த அன்று பழனிசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தபடி பேசினார்.

"அன்னைக்குச் சாயங்காலம் நான் பங்களாவுலதானுங்க இருந்தேன். ஜீப்பும் வாசல்லயே நின்னுச்சு. ஐயா போனைக் காதுல வெச்சு நொம்ப நேரம் கேட்டாரு. வெச்சுட்டு, கொட்டச்சேட்டுல ஏதோ பிரசவமாம், காலைல பாத்துக்கலாம், விருந்தாளிங்களை லாட்ஜுல போயிக் கூட்டியான்னாருங்க. நானும் போனனுங்க ரைட்டரே. வண்டிய நாந்தானுங்க ஓட்டுனேன்."

அவரை அடிக்கலாமா என்று வந்தது எனக்கு. பிறகு, எந்தக் கையால் அடிப்பது?

போன வாரம் சேலத்தில் வாய்தா. ஒரே சாட்சி இறந்துவிட்டதால் வழக்கை முடித்துவிடலாம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நான் எழுந்து நின்றேன். பார்த்ததைச் சொன்னேன். ஆறு நாற்பது, ஏழு மணி, நான்கு எண்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார் வக்கீல்.

"பயமுங்க."

"இப்ப பயம் போயிருச்சா?"

"இப்ப எனக்கு அங்க வேலை இல்லீங்க. அதனால பயம் இல்ல. தைரியம்னு எழுதிக்காதீங்க."

நான் உட்கார்வதற்குள் கதவருகே பழனிசாமி வந்து நின்றார். எஸ்டேட் கொடுத்த காக்கிச் சட்டையோடு. அவருக்கு ஓய்வு பெற இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் சொல்லி முடித்ததும் அந்தக் கேசட்டைப் போடச் சொன்னார் அதிகாரி. நான்கு நிமிஷம். நடுவில் அந்த நீண்ட அமைதி வந்தபோது கேசட் தீர்ந்துவிட்டதென்று நினைத்து வக்கீல் எழுந்தார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். மாரியப்பன் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் மெசின் வேலை செய்தது, செய்தி போய்ச் சேர்ந்தது என்ற இரண்டும் சாட்சி வாக்குமூலமாக ஏறிவிட்டன. மறுநாள் பழனிசாமியை வண்டியிலிருந்து இறக்கி, செடிக்கு மருந்தடிக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விசுவாசமான ஊழியருக்கு இரங்கல் ஒட்டிய அதே ஆபீஸ்தான்.

சுலோசனாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொறுமை, அடக்கம் என்றெல்லாம் எழுதினால் நினைவஞ்சலிக்குப் பொருத்தமாக இருக்கும். அவரிடம் அவை இருந்தன. எனக்கு அவை வேண்டாம். பொறுமையாக இருந்தே அவர் செத்துப்போனார். நான் வைத்துக்கொள்வது, அவர் ஒருமுறைகூடக் காட்டாமல் போன கோபத்தை. என்மேல் எனக்கு இருக்கிற கோபமும் அதில் சேர்த்தி. அடுத்த வாய்தாவுக்கும் போகிறேன். மாலை போட வரிசையில் நின்றவர்கள் நீங்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்து கூப்பிடுவேன்.